டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? அமெரிக்காவின் முற்போக்குக் காலச் சட்டங்கள், முதல்முறை படிப்பவர்களுக்கு

1905-ல் லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒரு கல்லறைக் கல்லின் புகைப்படத்தை அச்சிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரில் இருக்கும் லிடியா பிங்கம் என்பவரின் கல்லறை அது. அவர் முகத்தைப் படமாகப் போட்டு ஒரு மருந்து நாடு முழுக்க விற்றுக்கொண்டிருந்தது, பெண்களுக்கு வரும் சகல உபாதைக்கும் கைகண்ட மருந்து என்று விளம்பரம். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படும் விஷயங்களைத் திருமதி பிங்கமுக்குக் கடிதமாக எழுதுங்கள் என்று விளம்பரங்கள் அழைத்தன, பெண்களும் நம்பி எழுதினார்கள், பதிலும் வந்தது. கல்லில் வெட்டியிருந்த இறந்த வருஷம் 1883. வீட்டில்கூடச் சொல்லாத வலியை எல்லாம், 22 வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்த ஒருவருக்கு அந்தப் பெண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்க வரலாற்றில் முற்போக்குக் காலம் என்று ஒன்றைச் சொல்வார்கள், சுமாராக 1890-களிலிருந்து முதல் உலகப்போர் முடியும் வரை. அதற்குள் நுழைய இந்தப் படத்தைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் இந்தக் காலம் ஷெர்மன் சட்டம், ஹெப்பர்ன் சட்டம், கிளேட்டன் சட்டம் என்று வெறும் பெயர்ப் பட்டியலாக வந்து போய்விடும், பரீட்சை முடிந்ததும் மறந்தும் போகும். ஆனால் அந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே சங்கதி: விற்கிறவருக்குத் தெரிந்திருந்தது வாங்குகிறவருக்குத் தெரியவில்லை, மூடியிருந்ததைத் திறந்து பார்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி வாங்கிய கதைதான் இது.

முற்போக்கு என்ற சொல்லைக் கேட்டதும் தமிழில் நமக்கு இடதுசாரி ஞாபகம் வரும். இங்கே அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள், பெண்கள் சங்கங்கள், அரசு வேதியியல் நிபுணர்கள் என்று பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து ஆட்கள்தான் முன்னால் நின்றார்கள். முதலாளித்துவத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர்களில் பெரும்பாலோர் சொல்லவில்லை, அதற்கு ஒரு கணக்கு வழக்கு வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

ஏன் அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினை வெடித்தது? ரயில்தான் முக்கியக் காரணம். அதற்கு முன் பால் யார் வீட்டு மாட்டுப் பால், இறைச்சி எந்தக் கடையில் வெட்டியது என்று வாங்குகிறவருக்குத் தெரியும், கெட்டுப்போயிருந்தால் நேரே போய்ச் சண்டை போடலாம். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு ரயில் பாதை நாடு முழுக்கப் பரவியது, பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய பெட்டிகள் வந்தன, சிகாகோவில் வெட்டிய மாட்டின் கறி நியூயார்க்கில் தட்டுக்கு வந்தது. செய்கிறவரும் சாப்பிடுகிறவரும் ஆயுளில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் இருப்பது ஒரு டின், அதன்மேல் ஒட்டிய ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

சரி, முதலில் பெரிய கம்பெனிகள் விவகாரத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் டிரஸ்ட் என்ற சொல்லிலேயே பலருக்குக் குழப்பம் வரும். நமக்கு டிரஸ்ட் என்றால் தர்ம காரியம் செய்யும் அறக்கட்டளை. அன்றைய அமெரிக்காவில் அது வேறு. ஒரே தொழிலில் இருக்கும் பல கம்பெனிகளின் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை ஒரு சில அறங்காவலர்கள் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். வெளியே பார்க்கக் கம்பெனிகள் தனித்தனியாக இருக்கும், முடிவு எடுப்பது ஒரே மேஜையில் நடக்கும். ஜான் டி. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் 1882-ல் இப்படித்தான் ஒன்பது பேர் கையில் போனது. அதற்குள் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் அவர்களிடம் இருந்தது.

எப்படி அவ்வளவு பெரிதானார்கள் என்பதைத்தான் பொறுமையாகப் பார்க்க வேண்டும், அதில்தான் எல்லாமே இருக்கிறது. ராக்ஃபெல்லர் திறமைசாலி, சிக்கனக்காரர், கழிவாகப் போகும் எண்ணெய்ப் பொருளைக்கூடக் காசாக்கத் தெரிந்தவர், அதை மறுக்க முடியாது. ஆனால் அதோடு ரயில் கம்பெனிகளுடன் ரகசிய ஏற்பாடும் இருந்தது. ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பீப்பாய்க்கு ரயில் கட்டணம் ஒரு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஆலைக்காரர் முழு டாலரும் கட்டுவார். பெரிய ஆலையும் பில்லில் ஒரு டாலர்தான் கட்டும், ஆனால் பின்வாசல் வழியாக அதில் ஒரு பங்கு திரும்பி வரும். இதுவே அநியாயம். 1872-ல் போட்ட திட்டம் இதற்கும் மேலே போனது: சின்ன ஆலைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கைப் பெரிய ஆலைக்குக் கொடுப்பது என்று பேசினார்கள். போட்டியாளர் சரக்கு அனுப்ப அனுப்ப இவருக்குப் பணம் வரும், கூடவே யார் எவ்வளவு எங்கே அனுப்புகிறார் என்ற விவரமும் வரும். சேதி கசிந்து பென்சில்வேனியா எண்ணெய் வயல்களில் பெரிய கொந்தளிப்பு உண்டாகி அந்தத் திட்டம் நடைமுறைக்கு வராமலே கைவிடப்பட்டது. ஆனால் அந்த அச்சம் தலைக்கு மேல் தொங்கிய சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்து நகரத்து 26 போட்டி ஆலைகளில் 22 ஸ்டாண்டர்டிடம் விற்கப்பட்டுவிட்டன.

அந்த எண்ணெய் வயல் ஊர்களில் வளர்ந்த ஒரு பெண் ஐடா டார்பெல். அப்பா எண்ணெய் சேமிக்கும் மரத் தொட்டிகள் செய்தவர், பிறகு சொந்தமாக எண்ணெய் எடுத்தவர், 1872-ல் அடிபட்டவர்களில் ஒருவர். மகள் பத்திரிகையாளர் ஆனார். 1902-லிருந்து 1904 வரை மெக்ளூர்ஸ் பத்திரிகையில் ஸ்டாண்டர்டு ஆயிலின் வரலாற்றை 19 பகுதிகளாக எழுதினார். கோபமாகத் திட்டி எழுதவில்லை, நீதிமன்ற ஆவணங்களையும் விசாரணைக் குறிப்புகளையும் பல வருஷம் தேடிப் படித்து எழுதினார். அதில் எனக்கு மறக்கவே முடியாத இடம் ஒன்று உண்டு. ஸ்டாண்டர்டின் ஓர் ஆலையில் வேலை பார்த்த பையன் ஒருவனுக்கு, மாதா மாதம் பழைய காகிதங்களை எரிக்கும் வேலை. ஒரு நாள் எரிக்கப் போன காகிதத்தில் தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை பைபிள் வகுப்பில் அவனுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியரின் பெயர், அவரும் ஒரு சின்ன எண்ணெய் வியாபாரி. அவருடைய சரக்கு எப்போது, எங்கே போகிறது என்று ரயில் அலுவலகத்திலிருந்தே போட்டிக் கம்பெனிக்குத் தகவல் போயிருக்கிறது. பையன் காகிதங்களை எரிக்காமல் ஆசிரியரிடம் கொடுத்தான், அவர் வழியாக டார்பெல் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு பையன் அடுப்பில் போடாமல் விட்ட காகிதம், அந்தக் காலத்து மிகப்பெரிய கம்பெனியின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியது.

சட்டம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேதனை. ஏகபோகத்துக்கு எதிரான ஷெர்மன் சட்டம் 1890-லேயே வந்துவிட்டது, செனட்டில் 51-க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆனால் 1895-ல் சர்க்கரை டிரஸ்ட் வழக்கில், நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் ஏறக்குறைய முழுவதும் ஒரே கம்பெனி கையில் இருந்தும், உற்பத்தி வேறு வணிகம் வேறு, இந்தச் சட்டம் வணிகத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் காகிதமாகக் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தவர் 1901-ல் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட். (இரண்டாம் உலகப்போர் காலத்து ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு, இவருக்குத் தூரத்து உறவு.) வங்கி முதலாளி ஜே. பி. மார்கன் உட்பட மூன்று பெரும் புள்ளிகள் சேர்ந்து வடமேற்கு ரயில் பாதைகளை ஒரே கம்பெனிக்குள் அடக்கியிருந்தார்கள்; அதன்மேல் வழக்குப் போட்டு 1904-ல் 5-க்கு 4 என்ற நூலிழையில் ஜெயித்தார்.

வழக்குகளைவிட 1903-ல் அவர் ஆரம்பித்த கார்ப்பரேஷன் விசாரணை அலுவலகம்தான் முக்கியம் என்பது என் கணிப்பு. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, கணக்குப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி ஆராய்ந்து அறிக்கை கொடுக்கலாம், அவ்வளவுதான். அதே வருஷம் ரயில் கட்டணத்தில் ரகசியத் தள்ளுபடி தருவதையும் வாங்குவதையும் தடுக்கும் எல்கின்ஸ் சட்டம் வந்தது, 1906-ல் ரயில் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரத்தை ஹெப்பர்ன் சட்டம் அரசுக்குக் கொடுத்தது. அந்த அலுவலகம் 1906-ல் கொடுத்த அறிக்கை ஸ்டாண்டர்டின் ரகசியத் தள்ளுபடிகளை ஊரறியப் போட்டது, அதே ஆண்டு அரசு வழக்குத் தொடுத்தது. 1911 மே 15 அன்று தீர்ப்பு வந்தது, ஸ்டாண்டர்டு ஆயில் 34 கம்பெனிகளாக உடைந்தது. எக்ஸான், மொபில், செவ்ரான் எல்லாம் அந்தத் துண்டுகளின் வம்சம். துண்டுகளின் பங்கு விலை ஏறியதில் ராக்ஃபெல்லர் முன்பைவிடப் பணக்காரர் ஆனார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தீர்ப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது: வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் எல்லா ஏற்பாடும் குற்றமில்லை, நியாயமற்றவை மட்டுமே குற்றம் என்று நீதிமன்றம் வரையறுத்தது. எது நியாயம் என்பதை நீதிபதிகளே தீர்மானிப்பார்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம், எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான். அன்றைய அமெரிக்கக் கடைகளில் இருந்த கலப்படத்தைப் படித்தால் வயிறு கலங்கும். பால் கெடாமல் இருக்க அதில் ஃபார்மால்டிஹைடு, அதாவது பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின் சங்கதி. டின்னில் அடைத்த பட்டாணி பச்சையாகத் தெரிய மயில்துத்தம். தேன் என்ற பெயரில் குளுக்கோஸ் பாகு. இறைச்சியில் போராக்ஸ், நம் வீட்டுப் பெரியவர்கள் வெங்காரம் என்பார்களே, அதுதான். இவற்றால் உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டால், நிரூபித்துக் காட்டு என்பதுதான் கம்பெனிகளின் பதில்.

விவசாயத் துறையின் தலைமை வேதியியல் நிபுணர் ஹார்வி வைலி நிரூபித்துக் காட்டவே கிளம்பினார். 1902-ல் நாடாளுமன்றம் கொடுத்த 5,000 டாலரை வைத்துக்கொண்டு வாஷிங்டனில் தன் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சாப்பாட்டு அறையும் சமையலறையும் ஏற்பாடு செய்தார், பன்னிரண்டு இளைஞர்களைப் பிடித்தார். சாப்பாடு இலவசம், நல்ல சாப்பாடு, ஆனால் அதில் போராக்ஸ் இருக்கும். ஒவ்வொரு வேளையும் உட்காரும் முன் எடை, நாடித்துடிப்பு, உடல் வெப்பம் பார்க்க வேண்டும். மலம், சிறுநீர் எல்லாம் சேகரித்துக் கொடுக்க வேண்டும். வெளியே ஒரு வாய் சாப்பிடக் கூடாது. உடம்புக்கு ஏதாவது ஆனால் அரசுமேல் வழக்குப் போடுவதில்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். முதலில் போராக்ஸை வெண்ணெயில் ஒளித்தார்கள், பையன்களுக்கு எப்படியோ தெரிந்து வெண்ணெயைத் தொடாமல் ஒதுக்கினார்கள். வேறு பண்டங்களில் மாற்றி மாற்றி ஒளித்துப் பார்த்தும் அதே கதை. கடைசியில் கேப்ஸ்யூலில் போட்டு, தெரிந்தே விழுங்கச் சொன்னார்கள், விழுங்கினார்கள். தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை என்று ஒவ்வொருவராகச் சுருண்டார்கள். பத்திரிகைகள் அவர்களை விஷப் படை என்று பெயர் வைத்துத் தினமும் எழுதின. அந்தப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் சாதாரண அரசு குமாஸ்தாக்கள், ஊர் முழுக்கச் சாப்பிடும் விஷத்தைத் தங்கள் உடம்பில் வாங்கிக் காட்டினார்கள். அவர்களுக்கு ஒரு சிலை வைத்தாலும் தகும்.

அப்படியும் நாடாளுமன்றம் அசையவில்லை, உணவுச் சட்ட மசோதாக்கள் வருவதும் செத்துப்போவதுமாக இருந்தன. பெண்கள் சங்கங்கள் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி அனுப்பிக்கொண்டே இருந்தன. அசைத்தது 1906-ல் புத்தகமாக வந்த அப்டன் சிங்க்ளேரின் தி ஜங்கிள் என்ற நாவல். சிகாகோ இறைச்சி ஆலைகள் இருந்த பகுதியில் ஏழு வாரம் சுற்றித் திரிந்து, அங்கே வேலை செய்த புலம்பெயர்ந்த தொழிலாளிகள் எப்படிச் சக்கையாகப் பிழியப்படுகிறார்கள் என்று எழுதினார். படித்தவர்கள் தொழிலாளிக்காக அழுததைவிட, தாங்கள் தின்றதை நினைத்து அதிர்ந்ததுதான் அதிகம். இதைப் பற்றி சிங்க்ளேருக்குக் கடைசிவரை வருத்தம் உண்டு, எனக்கும் அந்த வருத்தம் நியாயமாகவே படுகிறது.

நாவல்தானே, மிகைப்படுத்தியிருப்பார் என்று பேச்சு வந்ததால் ரூஸ்வெல்ட் இரண்டு பேரை நேரில் பார்த்துவர அனுப்பினார். அவர்கள் அறிக்கையில் ஒரு காட்சி வரும். வெட்டிக் கழுவிச் சுத்தம் செய்த பன்றி ஒன்று, தொங்கிக்கொண்டு நகரும்போது அழுக்கு மரத்தரையில் விழுகிறது, வழுக்கிக்கொண்டு போய் ஆண்கள் கழிவறைக்குள் பாதி நுழைந்துவிடுகிறது. இரண்டு தொழிலாளிகள் வந்து எடுத்து, கழுவாமலே கொண்டுபோய்க் குளிர் அறையில் மற்ற பன்றிகளோடு மாட்டிவிடுகிறார்கள். இது நாவல் கிடையாது, அரசாங்க அறிக்கை.

1906 ஜூன் 30 அன்று ரூஸ்வெல்ட் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று இறைச்சி ஆய்வுச் சட்டம்: மாநிலம் தாண்டி விற்கும் ஆலைகளுக்குள் அரசு ஆய்வாளர் நின்று, வெட்டும் முன்னும் வெட்டிய பின்னும் பார்ப்பார். ஆய்வுச் செலவைக் கம்பெனிகள் ஏற்க வேண்டும், டின்னில் தயாரித்த தேதி போட வேண்டும் என்று முதலில் மசோதாவில் இருந்தது, பெரிய இறைச்சிக் கம்பெனிகள் இரண்டையும் வெட்டவைத்துவிட்டன, செலவு அரசு தலையில் விழுந்தது. மற்றபடி பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சட்டம் அவ்வளவு கசக்கவில்லை, ஐரோப்பியச் சந்தையில் அமெரிக்க இறைச்சிக்குப் போன மானத்தை அரசு முத்திரை மீட்டுத் தருமே.

இன்னொன்று தூய உணவு, மருந்துச் சட்டம். இதன் மருந்துப் பகுதிதான் என் கண்ணில் பெரிய விஷயம். அன்று மருந்துக் கடையில் யாரும் எதையும் கேள்வியில்லாமல் வாங்கலாம். பல் முளைக்கும் குழந்தை ராத்திரி முழுக்க அழுதால் கொடுக்கச் சொல்லி ஒரு சிரப் மிகப் பிரபலம், திருமதி வின்ஸ்லோவின் சிரப் என்று பெயர். ஒரு கரண்டி கொடுத்தால் குழந்தை அமைதியாகத் தூங்கிவிடும். அதில் இருந்தது மார்ஃபின். சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. அம்மாக்கள் பாசத்தோடுதான் கொடுத்தார்கள், பாட்டிலில் மார்ஃபின் என்று ஓர் எழுத்து இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா? புதிய சட்டம் மார்ஃபினைத் தடை செய்யவில்லை. ஆல்கஹால், மார்ஃபின், அபின், கோகெய்ன், ஹெராயின் போன்ற பதினோரு சரக்குகளில் எது இருந்தாலும் எவ்வளவு என்று லேபிளில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான் விதித்தது. பதினோரு பெயர், ஒரு காகிதத் துண்டு. அதற்குப் பிறகு இம்மாதிரி சிரப்புகளின் விற்பனை சரிய ஆரம்பித்தது.

ஓட்டைகளும் இருந்தன. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொய் சொல்லி விற்ற ஒருவர்மேல் போட்ட வழக்கில், உள்ளே என்ன இருக்கிறது என்று பொய் சொன்னால்தான் குற்றம், என்ன நோய் தீரும் என்று பொய் சொல்வது இந்தச் சட்டத்தில் வராது என்று 1911-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த வருஷமே திருத்தம் கொண்டுவந்தார்கள், ஆனால் ஏமாற்றும் நோக்கம் இருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று அதில் ஒரு முட்டுக்கட்டை. அப்புறம் 1914-ல், உட்ரோ வில்சன் காலத்தில், கிளேட்டன் சட்டமும் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் வந்தன. ஷெர்மன் சட்டம் பொதுப்படையாகச் சொன்னதைக் கிளேட்டன் சட்டம் விவரமாகச் சொன்னது. போட்டியை அழிக்கும் வகையில் ஆளுக்கொரு விலை வைப்பது, போட்டிக் கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் ஒரே ஆள் உட்கார்வது போன்றவை அதில் வந்தன. ஆணையம் பழைய விசாரணை அலுவலகத்தை உள்வாங்கிக்கொண்டு, கேட்கும் உரிமையோடு நிறுத்தச் சொல்லும் உரிமையையும் பெற்றது. இன்றும் அது இருக்கிறது.

ஆனால் லேபிள் மட்டும் போதாது என்பது 1937-ல் தெரிந்தது. சல்ஃபனிலமைடு என்ற மருந்தைத் தண்ணீர்போல் குடிக்கும் வடிவில் தர ஆசைப்பட்டு, டென்னசி மாநிலத்துக் கம்பெனி ஒன்று அதை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து விற்றது. நிறம், மணம், சுவை எல்லாம் பார்த்தார்கள், குடித்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று மட்டும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்கச் சொல்லிச் சட்டம் இல்லை. அது சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். நூறு பேருக்குமேல் செத்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். அதிகாரிகள் பாட்டில்களைக் கைப்பற்ற 1906 சட்டத்தைப் புரட்டினால், விஷம் விற்றது குற்றம் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. கிடைத்த ஒரே பிடி அதன் பெயர்: எலிக்சிர் என்று போட்டிருக்கிறது, எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் ஆல்கஹால் இல்லை, ஆகவே லேபிள் தப்பு. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாடு முழுக்க ஆளனுப்பி வீடு வீடாகப் பாட்டில்களைத் தேடி எடுத்தார்கள். 1938-ல் வந்த சட்டம்தான், புது மருந்தை விற்பதற்கு முன்பே அது பாதுகாப்பானது என்பதற்கான ஆதாரத்தைக் கம்பெனி அரசிடம் காட்ட வேண்டும் என்றது.

அதே டைஎத்திலீன் கிளைக்கால் 2025-ல் நம் பக்கத்திலேயே வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது அந்த விஷம் 48.6 சதவீதம் இருந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் மருந்துப் பெயர்கள், அளவு, தொகுதி எண், உரிம எண் எல்லாம் முறைப்படி அச்சாகியிருக்கும், 1906-ல் கேட்டதெல்லாம் அதில் உண்டு. சிரப் கலக்கப் பயன்படும் திரவம் ஒவ்வொரு முறை வந்து இறங்கும்போதும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒருவரும், அவர் சோதித்தாரா என்று ஆலைக்குள் வந்து பார்க்க வேண்டிய இன்னொருவரும்தான் இல்லாமல் போனார்கள்.